கைக்கு வருமுன் கழியும் காசு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தை இன்று நாம் சிப்காட் தொழிற்பூங்காவாகவே அறிகிறோம். அது பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஊர். அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்ததற்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. படியாட்களின் கடனைப் பற்றியும் அது பேசுகிறது. திருமணச் செலவுக்கென மிராசுதாரரிடம் வாங்கிய சிறு தொகை ஓர் ஆளை நிலத்தோடு பிணைத்தது. தந்தைக்குப் பின் மகன் அதைச் சுமந்தான். கடன் கொடுத்தவரே கூலி அளப்பவர்; கணக்கும் அவரிடமே.

கடல் கடந்தவர்களையும் இந்தக் கணக்கு விடவில்லை. இலங்கைத் தோட்டங்களில் கங்காணி தந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. கடனைத் தீர்ப்பவருக்கு ஆளை விடுவிப்பதாக எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921-இல் அம்முறையைச் சட்டம் ஒழித்தது.

அரசு தரும் பணத்துக்குக் காப்பு வேண்டும் என்பதும் பழைய எண்ணமே. ஓய்வூதியத்தையும் கருணைத் தொகையையும் கடன்காரர் நீதிமன்றத்தின் மூலம் ஜப்தி செய்யலாகாது என்றது 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். சில நாட்களிலேயே, சில வங்கிகள் அத்தொகையிலிருந்து கட்டணங்களைப் பிடித்தம் செய்வதாகப் புகார்கள் வந்தன. எந்த நிலுவைக்கும் அதை நேர்செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரிக்க நேர்ந்தது.

பழைய சட்டம் அடைத்தது நீதிமன்றத்தின் வழியை. வங்கியோ நீதிமன்றப் படி ஏறுவதில்லை. பணம் வந்து விழும் இடமும் கடன் எழுதப்பட்ட இடமும் ஒரே பேரேடு. மிராசுதாரரின் களத்துமேட்டிலும் நிலைமை அதுவாகவே இருந்தது.

கடனைத் திருப்பித் தரவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயிரம் ரூபாயில் அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்று பகுப்பது யார் என்பதே கேள்வி. பணம் முதலில் அவள் கைக்கு வந்தாலன்றி, 'உரிமை' என்ற சொல் திட்டத்தின் பெயரில் மட்டுமே இருக்கும்.