தோற்சுருளும் நோட்டுப் புத்தகமும்

தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் யூத இலக்கியம் என்றால் பெரும்பாலும் காஃப்காதான். ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்த 'விசாரணை'யை 1992இல் க்ரியா வெளியிட்டது. தனிமனிதனின் அந்நியமாதலைச் சொல்லும் பிரதியாக அதைத் தனியறையில் உட்கார்ந்து வாசித்தோம். இதே காஃப்கா பிராகில் ஒரு ஏழை இத்திஷ் நாடகக் குழுவோடு சேர்ந்து திரிந்தவர். இத்திஷை மட்டமாக நினைத்த சொந்தச் சமூகத்தின் முன்னால் 1912 பிப்ரவரியில் மேடையேறி அந்த மொழிக்காகப் பேசியவர். இது நம் வாசிப்புக்குள் அதிகம் வரவில்லை. நவீனத்துவவாதியை வைத்துக்கொண்டு யூதரை விட்டுவிட்டோம். யூதரோடு சேர்ந்து, கூடிப் படிக்கிற ஒரு மரபும் போய்விட்டது.

யூத மரபில் படிப்பு என்பதே பலர் சேர்ந்து செய்கிற காரியம். தோரா எழுதப்பட்ட தோற்சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது. எப்படி உச்சரிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை முன்னால் படித்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சபையில் அதைத் திறந்து வாசிக்க, வழக்கப்படி, வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். வருஷம் பூராவும் வாராவாரம் வாசித்து முடிக்கிற நாளிலேயே முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். (ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் பத்துப் பேரைச் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.)

கருங்குழி, மதுராந்தகம் பக்கத்து ஆட்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. இந்த வட்டாரத்துத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிக்கிறார்கள். பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. ஊர் கூடிக் கேட்பதால்தான் பிரதி உயிரோடு இருக்கிறது என்கிறோம். சரி, 'ஊர்' என்றால் யார்? சேரியிலிருந்து வந்தவர் எங்கே நின்று கேட்டார்? கூட்டு வாசிப்பைக் கொண்டாடுகிற எவரும் முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கொச்சி யூதர்களின் வரலாறு நமக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அத்தனை பழைய உறவு. இந்த மண்ணில் அத்தனை காலம் வாழ்ந்தவர்கள் இந்த மண்ணின் சாதியையும் எடுத்துக்கொண்டார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியார் பெஞ்சில் உட்காரக் கூடாது. தோரா வாசிக்க அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். ஒரே வேதம், ஒரே கூரை, இடம் மட்டும் வேறு. அந்தச் சந்ததியில் பிறந்து வக்கீலான ஏ.பி. சாலேம் (1882–1967) இதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தார். 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை போனதை ஓயாமல் பேசுகிறோம். பக்கத்துக் கொச்சியில் ஒருவர் வேதம் வாசிக்கும் உரிமைக்காகப் போராடியது நம் பேச்சில் வருவதேயில்லை.

தோற்சுருளைச் சுற்றி இப்படிச் சுவர் நின்றபோது வேறொரு பிரதி அந்தச் சுவரைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளைச் சொல்கிறேன். விவிலியக் கதை, கல்யாணச் சடங்கு, ஆலயம் கட்டின கதை, கிளிப்பாட்டு எனப் பல வகை. நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் இருக்கிற சபையிலேயே பாடினார்கள். பரதேசிகளும் மலபாரி யூதர்களும் பெண் கொடுத்து எடுக்காமலிருந்த காலம் அது. ஆனால் இரண்டு தரப்பு நோட்டுகளிலும் ஒரே பாட்டுகள் கிடைக்கின்றன.

1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் கூடவே போயின. 1970களிலிருந்து பி.எம். ஜூஸ்ஸே, பார்பரா ஜான்சன் போன்றவர்கள் தேடிச் சேர்த்தார்கள். ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த 'கார்குழலி' மலையாளமும் ஹீப்ருவுமாக 2005இல் ஜெருசலேமில் வெளிவந்தது. சாலேமின் சமூகத்தைச் சேர்ந்த ரூபி டேனியல் (1912–2002) பல பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தன் நினைவுகளை 1995இல் நூலாக்கினார். பெஞ்சு மறுக்கப்பட்டவர்களின் வீட்டிலிருந்து எழுதப்பட்ட வரலாறு அது.

யூத இலக்கியம் பேசினால் இஸ்ரேலுக்கு வக்காலத்து வாங்குவதாகாதா என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1948இல் ஏழு லட்சம் பாலஸ்தீனியர் வீடிழந்தார்கள். 2023க்குப் பிறகு காஸாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். இந்த நோட்டுகளிலேயே சீயோனிசப் பாட்டுகளும் உண்டு. சாலேமே பின்னாளில் குடிபெயர்வுக்காகப் பாடுபட்டவர்தான். எதையும் மறைக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே வாசிப்போம். ஆனால் யூத எழுத்து மொத்தத்தையும் ஓர் அரசின் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தால், அந்த அரசு எதைக் கோருகிறதோ அதையே கொடுத்தவர்களாகிறோம். பெஞ்சுக்காகவும் வாசிக்கும் உரிமைக்காகவும் நடந்த சண்டையை ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றில் சேர்ப்பதுதான் முறை.

எனவே இவற்றைப் படிக்கணும், கூடிப் படிக்கணும். மலையாளம் தெரிந்த ஒருவர் 'கார்குழலி'யை உரக்க வாசித்தால் பாதி நமக்கே விளங்கும், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பத்துப் பேர் போதும். அந்தப் பத்துப் பேரில் பெண்கள் எத்தனை, தலித்துகள் எத்தனை, யார் வாசிக்கிறார், யார் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் அங்கேயே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.