புரூயோன் நோட்டு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குப் 'புரூயோன்' நோட்டு நினைவிருக்கும். கணக்கை அதில் போட்டுப் பார்த்துவிட்டு, சரியானதை நல்ல நோட்டில் ஏற்றுவோம்.

கணினியிலும் அப்படி ஒன்று உண்டென்று பணியின் கடைசி ஆண்டுகளில்தான் அறிந்தேன். 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை வகுத்துக் கட்டுரை எழுதினார். 1976-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சாஸ் நிறுவனம் தொடங்கியது. அதன் புள்ளியியல் மென்பொருளில் 'வொர்க்' என்ற பகுதியில் வைப்பவை, மென்பொருளை மூடியதும் அழிந்துவிடும். தரவுத்தளத்துக்குள்ளேயே தற்காலிக அட்டவணை அமைக்க 1992-இன் எஸ்க்யூஎல் தர விதிகள் இடம் தந்தன. வேண்டிய வரிகளை மட்டும் அதில் எடுத்துக் கணக்கிடலாம். மூலப் பதிவுக்குச் சேதமில்லை. ஆனால், தரவுத்தள இணைப்பு அறுந்தால் அதுவும் போய்விடும்.

ஒரு மாலை அப்படித்தான் இணைப்பு அறுந்தது. காலையிலிருந்து சேர்த்த கணக்கு முழுதும் போயிற்று. மறுநாள் அறிக்கை தரவேண்டும். இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து மறுபடி போட்டேன்.

அன்றுமுதல் ஓய்வு பெறும்வரை, "நல்ல நோட்டில் ஏற்றியாயிற்றா?" என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் கணினியை அணைப்பேன்.