ஏழாம் கல்லில் முதுமையடையும் கடைத்தொகுதிகள்

அப்பர் புக்கிட் தீமா சாலையில், பியூட்டி வோர்ல்டு எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் நான்கு பழைய கடைத்தொகுதிகள் உள்ளன. பியூட்டி வோர்ல்டு சென்டர், பியூட்டி வோர்ல்டு பிளாசா, புக்கிட் தீமா ஷாப்பிங் சென்டர் ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சாலையைக் கடந்தால் ஜாலான் அனாக் புக்கிட்டில் புக்கிட் தீமா பிளாசா. தீவின் மேற்குப் பகுதியில் வளர்ந்த பலருக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்ததும், பள்ளிக் காலணி வாங்கியதும் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். இன்று அங்குத் துணி வாங்கப் போகிறவர்கள் குறைவு. துணைப்பாட வகுப்புக்கும், பல் மருத்துவரிடமும், இல்லப் பணிப்பெண் முகவரிடமும் போகிறவர்களே அதிகம்.

இந்தக் கட்டடங்கள் ஏன் இப்படி ஆயின, ஏன் இடிக்கவும் படாமல் புதுப்பிக்கவும் படாமல் நிற்கின்றன என்பதற்கான விடை, வாடிக்கையாளர்களின் ரசனை மாற்றத்தில் இருப்பதைவிடக் கட்டடத்தின் உரிமைப் பத்திரத்தில்தான் அதிகம் இருக்கிறது.

பெயர் வந்த கதை

நகரிலிருந்து ஏழாவது மைல் கல் இருந்த இடம் என்பதால் மூத்தவர்கள் இப்பகுதியை இன்றும் ‘ஏழாம் கல்’ என்பர். அருகிலேயே கருங்கல் உடைக்கும் தளங்களும் ரயில் பாதையும் இருந்தன. இரண்டிலும் இந்தியத் தொழிலாளர்களின் உழைப்பு உண்டு. புக்கிட் தீமா ரயில் நிலையத்தின் வழியே கடைசி ரயில் சென்றது 2011 ஜூன் 30ஆம் தேதி. இதே சாலையில் இன்னும் சற்று வடக்கே போனால் ஸ்ரீ முருகன் மலைக் கோயில் வருகிறது.

‘பியூட்டி வோர்ல்டு’ என்ற பெயர் எந்தக் கடைத்தொகுதியைவிடவும் பழையது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இங்கு ‘தாய் தோங் ஆ’ என்ற பெயரில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. சூதாட்டத்துக்குப் பேர்போன இடம் அது. போர் முடிந்து 1947ல் அது பியூட்டி வோர்ல்டு சந்தையானது. துத்தநாகக் கூரை, மரப்பலகைத் தடுப்பு, ஒன்றையொன்று ஒட்டிய கடைகள். துணி, பாத்திரம், காய்கறி, மீன், சமைத்த உணவு எல்லாம் அங்கு கிடைத்தன. 1970களில் அடுத்தடுத்து நேர்ந்த தீ விபத்துகள் அதன் முடிவை நெருக்கின. 1983ல் சந்தை மூடப்பட்டது. மறு ஆண்டு திறந்த பியூட்டி வோர்ல்டு சென்டருக்குச் சந்தை வியாபாரிகள் பலர் மாறினர். அதன் மேல்மாடியில் உள்ள உணவங்காடி நிலையம் அந்த இடமாற்றத்தின் மிச்சம். கடைத்தொகுதியின் உச்சியில் திறந்தவெளிக் காற்றோட்டத்துடன் உணவங்காடி இருப்பது சிங்கப்பூரில் அரிது.

சாலையின் மறுபுறம் நிலைமை வேறு. சந்தைவாசிகளுக்கு மாற்றிடம் தருவது புக்கிட் தீமா பிளாசாவின் நோக்கமாக இருக்கவில்லை. சுற்றுவட்டாரத் தனியார் வீடுகளில் வசித்த வசதியான குடும்பங்களை நம்பியே அது எழுந்தது. ஜப்பானிய யாவோஹான் அங்குக் கிளை வைத்திருந்தது. 1974ல் பிளாசா சிங்கப்பூராவில் முதல் கடையைத் திறந்த அந்நிறுவனம், பேரங்காடியையும் துணிக்கடையையும் பொம்மைக் கடையையும் ஒரே கூரையின் கீழ்க் காட்டி ஒரு தலைமுறையையே வசப்படுத்தியது. 1997 செப்டம்பரில் யாவோஹான் ஜப்பானில் நொடித்துப்போனது. 2007ல் ஃபேர்பிரைஸ் தன் முதல் ‘ஃபைனஸ்ட்’ பேரங்காடியை புக்கிட் தீமா பிளாசாவில் திறந்தது. இந்தக் கட்டடம் அண்டை வீட்டாரை இழக்காமல் இருப்பதற்கு அந்தப் பேரங்காடி ஒரு முக்கியக் காரணம். கடைத்தொகுதிக்கு உயிர் கொடுப்பது அலங்காரக் கடைகளல்ல, வாரந்தோறும் அரிசியும் பாலும் வாங்க வரும் கால்கள்தான்.

ஒரு கூரை, பல முதலாளிகள்

சிங்கப்பூரில் 1967ல் இயற்றப்பட்ட ஸ்ட்ராட்டா நில உரிமைச் சட்டம், ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே விற்க வழிசெய்தது. 1970களிலும் 1980களிலும் கடைத்தொகுதி கட்டியவர்கள் பலர் அதைப் பயன்படுத்திக் கடைகளை ஒவ்வொன்றாக விற்றனர். கட்டியவருக்குப் போட்ட முதல் உடனே திரும்பியது. வாங்கியவருக்கோ சொந்தக் கடை கிடைத்தது. வாடகை உயருமோ என்ற பயமின்றித் தையற்கடையோ நகைக்கடையோ நடத்தலாம். ஓய்வுபெற்றபின் அதை வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம். சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய வாய்ப்பு என்பதில் சந்தேகமில்லை.

பின்னால் வந்த சிக்கலும் அங்கேயே தொடங்கியது. ஒரே உரிமையாளர் உள்ள கடைத்தொகுதியில், எந்த மாடியில் எந்தக் கடை இருக்க வேண்டும் என்பதை ஒரு நிர்வாகம் முடிவு செய்கிறது. வாடிக்கையாளரை இழுக்கும் பெரிய கடைக்கு வாடகையைக் குறைத்து, அதன் பக்கத்துக் கடைகளில் அதை ஈடுகட்ட முடிகிறது. ஸ்ட்ராட்டா கட்டடத்தில் அப்படிச் செய்ய யாராலும் முடியாது. ஒவ்வொருவரும் தன் கடைக்கு அதிக வாடகை தருபவரைத் தேடுவர். அதனால் ஒரே மாடியில் ஐந்து மசாஜ் நிலையங்களோ எட்டுப் பணிப்பெண் முகவைகளோ வந்து சேருவதைத் தடுக்க ஆள் இல்லை.

பராமரிப்பும் அப்படித்தான். மின்படிக்கட்டை மாற்றுவது, குளிரூட்டியைப் புதுப்பிப்பது, கழிவறையைச் சீர்செய்வது ஆகிய எல்லாம் உரிமையாளர்கள் சேர்ந்த நிர்வாகக் கழகத்தின் கூட்டத்தில் தீர்மானமாக வேண்டும். செலவு அவர்கள் செலுத்தும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்தும் சேமநிதியிலிருந்தும் வர வேண்டும். கீழ்த்தளத்தில் நல்ல வாடகை பெறுபவர் ஒப்புக்கொள்வார். மூன்றாம் மாடியில் கடை காலியாகக் கிடப்பவர், கைக்காசைப் போட்டுக் கட்டணத்தை உயர்த்த ஏன் சம்மதிக்க வேண்டும்? மின்படிக்கட்டு பழுதானால் மூன்றாம் மாடிக்கு வருவோர் மேலும் குறைகின்றனர். காலிக் கடைகள் பெருகுகின்றன. அடுத்த கூட்டத்தில் மறுப்போர் எண்ணிக்கையும் பெருகுகிறது.

இதற்கிடையே போட்டியாளர்கள் வேறு வடிவில் வளர்ந்தனர். 2002 ஜூலையில் கேப்பிட்டாமால் டிரஸ்ட் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒரே நிறுவனத்தின் கைக்குள் பல கடைத்தொகுதிகள், அவற்றைப் புதுப்பிக்கச் சந்தையில் திரட்டிய பணம் என்ற முறை அதன்பின் பரவியது. 2013ல் ஜூரோங் ஈஸ்ட்டில் ஜெம், வெஸ்ட்கேட் இரண்டும் திறந்தன. குளிரூட்டப்பட்ட பாதை வழியே ரயிலிலிருந்து நேராகக் கடைக்குள் நுழைந்து பழகியவர்களை அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மீண்டும் இழுப்பது எளிதல்ல. டௌன்டவுன் ரயில் பாதையின் இரண்டாம் கட்டம் பியூட்டி வோர்ல்டுக்கு வந்தது 2015 டிசம்பர் 27ஆம் தேதிதான். வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் வாங்கும் பழக்கம் அதற்குள் வேரூன்றத் தொடங்கிவிட்டது.

ஒற்றை உரிமையாளர் முறையும் கடைத்தொகுதியை நீண்ட நாள் வாழவைக்கும் என்றில்லை. ஜூரோங் ஈஸ்ட்டில் 2012ல் திறந்த ஜேகியூப், 2023 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. அந்த இடத்தில் குடியிருப்பு எழ வேண்டும் என்று உரிமையாளர் முடிவெடுத்தார். பதினோரு ஆண்டுக் கட்டடம் போனது. நாற்பது வயதைத் தாண்டிய பியூட்டி வோர்ல்டு சென்டர் இன்னும் நிற்கிறது. முடிவெடுக்க முடியாமையும் ஒருவகையில் ஆயுளை நீட்டுகிறது.

குறைந்த வாடகையில் குடியேறியவர்கள்

துணிக்கடையும் இசைத்தட்டுக் கடையும் போனபின் இந்தக் கட்டடங்கள் பாழடைந்து போகவில்லை. பியூட்டி வோர்ல்டு சென்டரில் மாலை நேரத்தில் மின்தூக்கிக்குக் காத்திருப்பவர்களில் பலர் பள்ளிச் சீருடையில் இருப்பர். சுற்றிலும் பெயர்பெற்ற பள்ளிகள் இருப்பதால் துணைப்பாட நிலையங்கள் அடுத்தடுத்து வந்தன. கொரிய உணவகங்களும் இங்கு ஒரு கூட்டமாகச் சேர்ந்துள்ளன. பழைய தமிழ் நூல்கள் பகலில் கூடுவதை நாளங்காடி என்றும் இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரித்தன. பகலில் வெறிச்சோடிக் கிடந்து, பள்ளி விட்டபின் விழித்துக்கொள்ளும் இந்த மாடிகளுக்கு இரண்டாவது பெயர் ஓரளவு பொருந்தும்.

புக்கிட் தீமா ஷாப்பிங் சென்டரின் அடையாளம் வேறு. இல்லப் பணிப்பெண் முகவைகள் செறிந்த இடம் அது. இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ், மியன்மாரிலிருந்து வரும் பெண்களோடு, தமிழகத்திலிருந்து வேலை தேடி வரும் பெண்களும் இத்தகைய முகவைகள் வழியாகத்தான் இங்குள்ள வீடுகளுக்குச் செல்கின்றனர். 2014ல் இக்கடைத்தொகுதியில் பெண்கள் வரிசையாக அமர்த்தப்பட்டு, விலைச் சலுகை அறிவிப்புகளுடன் காட்டப்படுவதாக வெளிநாட்டு ஊடகத்தில் செய்தி வெளியானது. மனிதவள அமைச்சு தலையிட்டு, அவ்வாறு விளம்பரம் செய்வது ஏற்கத்தக்கதல்ல என்று முகவைகளுக்கு நினைவூட்டியது. ஒரு காலத்தில் பொம்மையும் காலணியும் வைத்திருந்த கண்ணாடிக்குப் பின்னால் மனிதர்கள் உட்காரும் நிலை வந்ததை, வாடகைக் கணக்கை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

எண்பது விழுக்காடு

இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு முன்னுள்ள பெரிய வழி கூட்டு விற்பனை. 1999 வரை எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தாலும் விற்க முடியாது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் 80 விழுக்காட்டுப் பங்கு மதிப்பு கொண்டவர்கள் சம்மதித்தால் போதும். பத்து ஆண்டுக்குக் குறைவானது என்றால் 90 விழுக்காடு. 2007ல் பரப்பளவும் கணக்கில் சேர்க்கப்பட்டது. முதல் கையெழுத்திலிருந்து பன்னிரண்டு மாதத்திற்குள் இலக்கை எட்ட வேண்டும்.

எட்டினாலும் வாங்க ஆள் வேண்டும். 1.25 பில்லியன் வெள்ளிக்கு விற்க முயன்ற சிம் லிம் ஸ்குவேருக்கு 2019ல் வாங்குபவர் கிடைக்கவில்லை. பீஸ் சென்டர் 2021 இறுதியில் 650 மில்லியன் வெள்ளிக்கும், கோல்டன் மைல் காம்பிளெக்ஸ் 2022ல் 700 மில்லியன் வெள்ளிக்கும் விற்கப்பட்டன. புக்கிட் தீமா பிளாசாவில் கணக்கு இன்னும் சிக்கலானது. அதே வளாகத்தில் ‘ஷெர்வுட் டவர்ஸ்’ குடியிருப்பு உள்ளது. கடைக்காரரின் கணக்கும், வீட்டை விட்டு எங்கே போவது என்று யோசிக்கும் குடும்பத்தின் கணக்கும் ஒன்றல்ல.

அண்டை நிலத்தின் விலை பலருக்கும் நம்பிக்கை தருகிறது. 2021ல் ஜாலான் அனாக் புக்கிட் நிலத்தை ஃபார் ஈஸ்ட், சினோ குழுமங்கள் சேர்ந்து 1.028 பில்லியன் வெள்ளிக்கு எடுத்தன. வீடுகள், கடைகள், பேருந்து முனையம், ரயில் நிலையத்துக்கு நிலத்தடி இணைப்பு எல்லாம் சேர்ந்த வளாகம் அது. புதிய கடைகள் பழைய கட்டடங்களின் வாடிக்கையாளரைப் பறிக்கலாம். புதிய குடியிருப்பாளர்கள் சிலரை அவற்றுக்கு அனுப்பவும் செய்யலாம். எது நடந்தாலும், பக்கத்து நிலம் அந்த விலைக்குப் போனதைப் பார்த்த உரிமையாளர் தன் கடையைக் குறைந்த விலைக்குத் தரச் சம்மதிப்பது கடினம்.

இந்தப் பேச்சுகளில் வாக்கு இல்லாதவர் வாடகைதாரர். கூட்டு விற்பனையில் பணம் உரிமைப் பத்திரம் வைத்திருப்பவருக்குப் போகிறது. இருபது ஆண்டாக அங்குத் தைத்தவருக்கும் சமைத்தவருக்கும் கிடைப்பது முன்னறிவிப்புக் கடிதம். 2024 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்துள்ள சில்லறை வணிக இடங்களுக்கான குத்தகைச் சட்டம், உரிமையாளர் பின்பற்ற வேண்டிய நடத்தை விதிகளை வகுத்துள்ளது. மறுமேம்பாட்டுக்காகக் குத்தகையைப் பாதியில் முடிப்பதும் அதில் அடங்கும். ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கே அது பொருந்தும். பழைய கடைத்தொகுதிகளில் கடை எடுப்போர் கையெழுத்திடுமுன் முதலில் பார்க்க வேண்டியது மாத வாடகையை அல்ல, அந்தக் காலவரம்பைத்தான். ஓராண்டு ஓராண்டாகப் புதுப்பித்து வருபவர்கள் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர்.