களை என்னும் சொல்லும் ஓர் உண்ணிச்செடி வேலியும்

எங்கள் ஊர் வீட்டின் பின்புறம் ஏறத்தாழ அரை ஏக்கர் தோட்டம் உண்டு. கல்லூரி விடுமுறை நாள்களில் அங்கே களைகொத்தும் கையுமாக அமர்வது என் வழக்கம். கோரையும் அறுகும் குப்பைமேனியுமாகப் பறித்துக் குவித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த ஐயம் எழுந்தது. நான் களையென்று வீசிய குப்பைமேனியை என் பாட்டி சொறி சிரங்குக்கு மருந்தாகத் தேடிப் பறித்திருக்கிறார். எனில், களை எது?

தாவரவியலில் களை என்றொரு குடும்பம் கிடையாது. வேண்டாத இடத்தில் முளைத்ததற்கு உழவன் இட்ட பெயர் அது. குறளின் உழவு அதிகாரம் எருவிடுதலை அடுத்துக் களைபறித்தலை வைக்கிறது. செங்கோன்மை அதிகாரமோ கொடியவரை வேந்தன் ஒறுப்பதற்கே அதனை உவமையாக்குகிறது. குறுந்தொகையின் 309ஆம் பாடலில் காட்சி வேறு. பறித்து வரப்பில் வாடவிட்ட நெய்தல், அவ்வயலை வெறுத்து நீங்காமல் மீண்டும் அங்கேயே பூக்கிறது. தலைவியின் அன்புக்கு அது உவமையாகிறது. ஒரு திணைக்கே பெயர் தந்த மலர், நெல்வயலில் களையாகிவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த கதை உண்ணிச்செடியுடையது. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை ஐரோப்பியர் அழகுக்காகத் தம் தோட்டங்களில் வளர்த்தனர். 1787இல் நிறுவப்பட்ட கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. ஒரே கொத்தில் பல நிறப் பூக்கள். சிறிதளவு நீரே போதும். கால்நடைகள் பெரும்பாலும் தீண்டுவதில்லை. வேலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணி நட்டார்கள்.

போற்றப்பட்ட அக்குணங்களே பின்னர் கேடாயின. மேயப்படாத செடி தடையின்றிப் பெருகியது. கறுத்துப் பழுத்த கனிகளைத் தின்ற பறவைகள் விதைகளைக் காடெங்கும் எச்சமிட்டன. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது. இன்று முதுமலை முதலான காடுகளில் புதராக மண்டி, புல்லுக்கு இடமின்றிச் செய்து, மான்களின் மேய்ச்சலைக் குறைக்கிறது.

ஆகாயத்தாமரையின் கதையும் இத்தகையதே. ஊதாப் பூவின் அழகுக்காகக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தத் தென்னமெரிக்கச் செடி நீர்வழிகளை அடைத்துக்கொண்டதால், அதனை ஒழிக்க வங்காளத்தில் 1936இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவும் படித்தறிந்த நானே எங்கள் தோட்டத்தின் மேற்கு வேலிக்கு உண்ணிச்செடியை நட்டவன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நர்சரியில் காசு கொடுத்து வாங்கினேன். சென்ற கோடையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ஓடைக்கரையைக் காட்டி, "இங்கெல்லாம் புல்லு கெடந்துச்சு சார். இப்ப பாருங்க, உங்க வேலிச் செடிதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

இப்போது அவ்வேலியைத் தோண்டி எடுத்து வருகிறேன். கனி பழுக்குமுன், வேர்க்கட்டையோடு எடுத்தால்தான் பயனுண்டு. அவ்விடத்தில் ஆடாதொடையும் நொச்சியும் வைத்திருக்கிறேன். ஆடு தொடாதது என்பதையே முன்னது தன் பெயராகக் கொண்டிருக்கிறது. பின்னதோ, மதில் காக்கும் போருக்குத் திணைப்பெயர் தந்த செடி. நொச்சித்திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் எனக்கு, வேலி தேடியபோது அது நினைவில் வரவில்லை.

எங்கள் பக்கத்து வேலி இவ்வாண்டு முடிந்துவிடும். ஓடைக்கரையில் பரவியது அப்படியே நிற்கிறது. அதைப் பறிக்கும் கடனும் என்னுடையதே. அடுத்த விடுமுறையில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.