போர்க்களத்துத் தும்பை

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம் வட்டாரத்துச் செம்மண் தரிசில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் போதும், தும்பை தழைத்துப் பூக்கத் தொடங்கிவிடும். துளசிக் குடும்பத்துச் சிறுசெடி. கணுவுக்குக் கணு பச்சை உருண்டையாகத் திரண்டு, அதிலிருந்து வெள்ளைப் பூக்களை நீட்டும். விதை உதிர்த்துவிட்டு ஓராண்டுக்குள் காய்ந்துபோகும்.

இந்தப் பூவைத்தான் பழந்தமிழ் வேந்தர்கள் பெரும்போருக்குச் சூடினார்கள்.

தொல்காப்பியப் புறத்திணையில் ஆநிரை கவர வெட்சி, நாடு பிடிக்க வஞ்சி, அரணை வளைக்க உழிஞை. தும்பை, இரு வேந்தரும் களத்தில் நேருக்கு நேர் மோதும் போர். அங்கே மாடும் மண்ணும் கோட்டையும் பொருட்டில்லை, வலிமையே பொருள் என்பது இலக்கணம். அதியமானின் ஆற்றலைச் சொல்லி ஔவையார் பகைவரை எச்சரிக்கும் புறநானூற்று 87ஆம் பாட்டு இந்தத் திணைதான். தொல்காப்பியர் தும்பையைக் கடற்கரைத் திணையான நெய்தலுக்குப் புறனாக வைத்தார். செடியோ கடற்கரையோடு நிற்காமல் புன்செய், கரடு, மலையடிவாரம் எங்கும் முளைக்கிறது. யாரும் விதைக்காத, விலைபோகாத பூ. ஆதாயம் கருதாத போருக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடைத்திருக்காது என்றே தோன்றுகிறது.

புதுக்கோட்டை மண்ணுக்கு அந்தப் போர்க்காலம் தொலைவானதல்ல. பொற்பனைக்கோட்டையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், ஆநிரைப் பூசலில் வீழ்ந்த ஒரு வீரனுக்கு எடுத்தது. அங்கே சங்ககாலக் கோட்டையின் எச்சத்தைத் தொல்லியல் துறை 2023இல் அகழ்ந்தது.

வேந்தர்கள் போனபின் தும்பை கோயிலுக்குள் போயிற்று. எருக்கு, ஊமத்தை, கொன்றையோடு சிவனுக்கு உகந்த பூ என்ற மதிப்பு தேவாரக் காலத்திலிருந்து இன்றுவரை குறையவில்லை. வீடுகளிலோ அது மருந்து. சளி கட்டினால் தும்பை இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பார்கள். வெளுத்த வேட்டியை இன்றும் தும்பைப்பூவுக்குத்தான் ஒப்பிடுகிறோம்.

செடிக்கான இடம்தான் சுருங்கிவிட்டது. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974இல் தொடங்கியது. காகித ஆலைகளுக்காக அதன் வழியே மாவட்டத்தின் காட்டு நிலங்களில் தைல மரம் பரவியது, அரிமளம் பகுதியிலும்தான். நிலத்தடி நீர் வற்றுகிறது, கண்மாய்க்கு வரவேண்டிய மழைநீரைத் தோட்டத்து வரப்புகள் மறிக்கின்றன என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அவர்கள் கணக்கில் தண்ணீர் முதலில் வருவது நியாயம். அந்தக் கணக்கில் தும்பையையும் சேர்க்க வேண்டும். சருகு மூடிய தைலத் தோப்பில் சிறுசெடிகள் அரிது. வயலிலும் களைக்கொல்லி தும்பையை விடுவதில்லை. இப்போது அது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சாலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும்தான். தைல மரத்தை அகற்றும் நிலத்தில் நாட்டு மரக்கன்று வைக்கும்போது, கொஞ்சம் தரிசையும் உழாமல் விட்டுவைத்தால், அடுத்த ஐப்பசிக்குள் தும்பை தானாகவே வந்துவிடும்.