வராககிரி என்னும் மலைப்பெயர்: நிலப்படங்களின் பாடபேதம்

பழநி மலைத்தொடரை முதன்முதலாக முறையாக அளந்து வரைந்தவர் சென்னை நில அளவைத் துறையைச் சார்ந்த லெப்டினன்ட் வார்டு என்பவர்; ஆண்டு 1821. கோடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டியது 1845-இல் ஆகலின், அவர் கண்டது குன்னுவர் ஊர்களும் காடும் புல்வெளியுமேயாம். அவர் மலைக்கு எழுதிய பெயர் 'வர்ரகெர்ரி.' ஓலைச்சுவடியின் ஏட்டுப்பிழையைத் தீர்க்கும் முறையே இங்கும் செல்லும். அக்கால ஆங்கிலேயர் நீலகிரியை 'நெயில்கெர்ரி' என்றே எழுதினர். ஆதலால் 'கெர்ரி' என்பது கிரி. முன்னின்ற பகுதி வராகம். சுத்த பாடம் வராககிரி என்க.

1837-இல் தாவரவியலார் ராபர்ட் வைட் இம்மலையைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பு 'வர்ரகெர்ரி அல்லது புல்னி மலைகள்' என இரண்டு பெயரையும் தாங்குகிறது. பின்னர் 'அல்லது' போயிற்று. வராககிரியும் உடன் போயிற்று. வடக்கு அடிவாரத்துத் திருத்தலத்தின் பெயரே தொடர் முழுமைக்கும் ஆயிற்று. 10, 11 பாகை அட்சங்களுக்கும் 77, 78 பாகைத் தீர்க்கங்களுக்கும் இடைப்பட்ட 58 எஃப் எண் தாளில் இன்று காண்பதும் அதுவே.

நம்மவர் சிலர் இப்பெயரைக் கொண்டு, இது ஞானப்பிரானாகிய ஆதிவராகன் எழுந்தருளிய மலை என்று எழுதுகின்றனர். பெருமாள் மலை என்னும் சிகரத்தையும் துணைக்கு அழைக்கின்றனர். அடியேனுக்கு இது ஸ்வரஸமாகத் தோன்றவில்லை. பெருமாள் என்பது அரசர்க்கும் வழங்கிய பெயர். அது தனியே சான்றாகாது. மேலும், கீழ்ப்பழநி மலையில் பன்றிமலை என்றே ஓர் ஊர் உளது. திருவிளையாடற் புராணம், தாயிழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் பாலூட்டிய கதையைப் பன்றிமலையோடு இணைத்துக் கூறும். வராககிரி அத்தமிழ்ப் பெயரின் வடமொழி ஆக்கம் என்று கொள்வதே நேர்.

பெயர் சைவக் கதையைச் சார்ந்தது என்பதால் நமக்கு இழுக்கில்லை. பிரமாணம் இன்றித் தலம் கற்பிப்பது பூர்வாசாரியர்கள் வழியன்று. அன்றியும், கிழக்கே பன்றிமலையும், தெற்கே இறங்கிப் பெரியகுளம் வழியாக வைகையைச் சேரும் வராக நதியும் ஒரே பெயரைத் தாங்குதலால், அது ஒரு குன்றின் பெயராகாது, தொடர் முழுமைக்கும் உரியதாய் இருந்தது எனத் தெளியலாம். மலைக்கு அழிந்த பெயரை இன்றைய தாளில் ஆற்றின் மேல் மட்டும் படிக்கலாம்.