அடுப்பு வந்த வழி

புது வீடு கட்டுவோரும், பழைய சமையலறையைப் புதுப்பிப்போரும் இன்று கடைக்குச் சென்று அடுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படுகையில் திகைத்து நிற்பதைக் காண்கிறோம். கண்ணாடித் தளத்தில் பதித்த வாயு அடுப்பு, சுடரே தோன்றாத இண்டக்‌ஷன் அடுப்பு, ரொட்டியும் கேக்கும் சுடுவதற்கான மின்சார ஓவன் என்று பல வகைகள் வரிசையாக அணிவகுக்கின்றன. விற்பனையாளரோ ஒவ்வொன்றையும் அதுவே சிறந்ததென்று புகழ்கிறார். எதை எரிப்பது, எழும் புகையை எங்கே போக்குவது, எந்தப் பாத்திரம் அதன்மீது அமரும் என்னும் கேள்விகள் நம் நாட்டு இல்லங்களில் மிகப் பழமையானவை. அவற்றுக்கு முன்னோரும், பின்னர் நம் விஞ்ஞானிகளும் அரசாங்கமும் கண்ட விடைகளின் வரலாற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

ராஜஸ்தானத்தில் கக்கர் நதியின் பழைய படுகையை அடுத்துள்ள காலிபங்கன் என்னும் இடத்தில், 1960 முதல் 1969 வரை, பி. பி. லால், பி. கே. தாபர் ஆகியோர் அகழ்வாராய்ச்சி நடத்தினர். ஹரப்பா நாகரிகம் முழு வளர்ச்சி எய்துவதற்கு முற்பட்ட குடியிருப்பின் வீடுகளில், தரைக்கு மேல் கட்டிய அடுப்புகளும் தரைக்குள் தோண்டிய அடுப்புகளும் வெளிப்பட்டன. அவை இன்று பஞ்சாபில் வழங்கும் தந்தூரை ஒத்திருந்தன. நாலரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சாதனம் ஏறக்குறைய அதே உருவில் நிலைத்திருப்பது வியப்புக்குரியதே.

எனினும் மூடிய சூளையடுப்பு இந்நாட்டில் வீட்டுக்கு வீடு பரவவில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. சூளையடுப்பில் ரொட்டி சுடுவதற்கு முன் அதன் மண் சுவர் முழுவதையும் சூடேற்றியாக வேண்டும். நாலு பேர் உண்ணும் ரொட்டிக்காக அவ்வளவு விறகையும் எரித்தல் கட்டுப்படியாகாது. ஆகவே பஞ்சாபிக் கிராமங்களில் பல வீட்டுப் பெண்களும் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு ஒரே தந்தூரைச் சுற்றிக் கூடினர். அதற்குச் சாஞ்சா சூல்ஹா, அதாவது கூட்டடுப்பு, என்று பெயர். கோவாவில் போர்த்துகேசியர் புகுத்திய ரொட்டியும் அவ்வாறே ஊருக்குப் பொதுவான ரொட்டிக் கிடங்குகளில் வெந்து, காலையிலும் மாலையிலும் வீடு தேடி வந்தது. அரிசியையும் பருப்பையும் நீரில் வேகவைத்து உண்ணும் பிற பகுதிகளிலோ இதன் தேவையே எழவில்லை. நமது சமையற்கட்டுகளில் அடுப்பு உண்டு, ஓவன் இல்லை என்பதன் விளக்கம் இதுதான்.

திறந்த அடுப்பின் முதல் வடிவம் மூன்று கல். அதன்மேல் மண் பூசிச் சுவரெழுப்பியபோது வட நாட்டார் சூல்ஹா என்றனர். நாம் அடுப்பு என்றோம். தமிழ்நாட்டில் வழங்கும் கொடியடுப்பை இங்கே சற்று நினைவுகூர்வது தகும். பெரிய அடுப்பில் எரியும் தீயின் சூடு, பக்கச் சுவரிலுள்ள துளை வழியே இன்னோர் அடுப்புக்குச் செல்லுமாறு அமைத்தது அது. உலை ஒரு பக்கம் கொதிக்க, மறு பக்கம் பருப்பு மெல்ல வேகும். வீணாகும் அனலை இரண்டாம் பாத்திரத்துக்குத் திருப்பும் இந்த யுக்தியைப் பிற்காலத்தில் பொறியியல் வல்லுநர்கள் புதிதாகக் கண்டுபிடித்தாற்போல எடுத்துரைத்தனர். பெயரறியாத எத்தனையோ பெண்மணிகள் அதற்கு முன்பே அதைக் கையால் மெழுகி அமைத்திருந்தனர் என்பதை ஒருவரும் குறிப்பிட்டதாகத் தோன்றவில்லை.

விறகடுப்பின் பெருங்குறை புகை. அதை ஓர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு முதலில் உழைத்தவர்களில் வார்தாவிலுள்ள மகன்வாடியினர் முக்கியமானவர்கள். 1934-ஆம் ஆண்டின் இறுதியில் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடம் அது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதனை நடத்தி வந்தார். காகிதம், எண்ணெய், வெல்லம் ஆகியவற்றோடு அடுப்பும் அங்கே ஆராயப்பட்டது. அதன் பயனாக 1947-இல் உருவானது மகன் சூல்ஹா. அதன் பின்னர் 1953-இல் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு புகையற்ற அடுப்பு ஒன்றை வகுத்தார். அது பற்றிய அவருடைய நூல் அவ்வாண்டிலேயே சென்னையிலிருந்து வெளியாயிற்று. தீயின் அனல் ஒரு சுரங்க வழியாய்ச் சென்று அடுத்தடுத்த பாத்திரங்களைச் சுட்டுவிட்டுப் புகைபோக்கியால் வெளியேறும். இடையே ஒரு தகடு காற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். மண்ணாலேயே செய்யக்கூடியது, செலவும் சொற்பம்.

இவ்வளவு நல்ல அடுப்பு ஏன் நாடெங்கும் பரவவில்லை? விறகைச் சிறு துண்டுகளாகப் பிளக்க வேண்டியிருந்தது. புகைபோக்கியில் படியும் கரியை அவ்வப்போது அகற்றாவிடில் புகை மீண்டும் அறைக்குள்ளேயே திரும்பியது. துளையின் அளவும் வீட்டுப் பாத்திரத்தின் அளவும் ஒத்துவராதபோது இடுக்கு வழியே சூடும் புகையும் வெளியேறின. கூரை வேய்ந்த வீடுகளிலோ புகையினால் ஒரு நன்மையும் இருந்தது: கீற்றையும் மூங்கிலையும் பூச்சி அரிக்காமல் அது காத்தது. குறைகளைப் போக்க வந்தவர்கள் இவற்றையெல்லாம் முன்கூட்டிக் கேட்டறிந்திருக்கலாம்.

கேட்டறியாமையின் விளைவுக்கு இன்னோர் உதாரணமும் தருவோம். புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடம், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநராக விளங்கிய நாளில், 1950-களின் தொடக்கத்தில், சூரிய வெப்பத்தால் சமைக்கும் அடுப்பொன்றை வெளியிட்டது. குவிந்த பிரதிபலிப்பான் ஒன்று கதிர்களை ஒரு முனையில் திரட்டிப் பாத்திரத்தைச் சுடவைத்தது. பௌதிகத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இந்திய இல்லத்தரசி சமைப்பது பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பின்னரும். நண்பகல் வெயிலில் முற்றத்தில் நின்று, சூரியன் நகர நகரக் கருவியையும் திருப்பிக்கொண்டு சமைப்பதற்கு எவர் முன்வருவர்? ஏழைகளுக்கு அதன் விலையும் எட்டவில்லை. அக்கருவி சில காலத்திலேயே சந்தையிலிருந்து மறைந்தது.

நகரங்களில் கதை வேறு. 1892-இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த லிண்ட்குவிஸ்ட் என்பார் கண்டுபிடித்த பிரைமஸ் என்னும் மண்ணெண்ணெய் ஸ்டவ், புகை கக்காத நீலச் சுடரைத் தந்தது. காற்றை அழுத்தி எண்ணெயை ஆவியாக்கி எரிப்பது அதன் முறை. கரி அடுப்பை விசிறியால் விசிறிச் சலித்தவர்களுக்கு அது பெரிய வரமாகத் தோன்றிற்று. அதன் இரைச்சலையும், அடைபட்ட துளையைக் குத்தும் ஊசியையும் நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஸ்டவ்வின் பெயரால் ஒரு பெருங்கொடுமையும் மறைக்கப்பட்டது. 1970-களிலும் 1980-களிலும் புது மணப்பெண்கள் பலர் சமையலறையில் தீக்கிரையாயினர். "ஸ்டவ் வெடித்தது" என்ற சொற்களோடு வழக்குகள் முடிக்கப்பட்டன. வரதட்சணைக்காக நிகழ்த்தப்பட்ட கொலைகள் பல அச்சொற்களுக்குப் பின்னே ஒளிந்திருந்ததைப் பெண்கள் இயக்கங்கள் எடுத்துக்காட்டிப் போராடின. 1983-இல் கணவன் வீட்டாரின் கொடுமையும், 1986-இல் வரதட்சணை மரணமும் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. அடுப்பின் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்வது முறையாகாது.

எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பாத்திரங்களும் இக்காலத்தில் தோன்றின. கல்கத்தாவில் மருத்துவரான இந்துமாதவ் மல்லிக் 1910-இல் அமைத்த இக்மிக் குக்கர், அடுக்கடுக்கான பாத்திரங்களில் சோறும் பருப்பும் கறியும் ஒரே கனலில் வேக வழி செய்தது. 1959-ஐ ஒட்டி இந்தியாவிலேயே செய்த பிரஷர் குக்கர்கள் விற்பனைக்கு வந்தன. பருப்பு வேகும் நேரம் சுருங்கியதைப் போன்ற மாறுதல் நமது சமையலில் அதற்குமுன் நிகழ்ந்ததாகச் சொல்ல முடியாது.

வாயு அடுப்பு வந்தபோது மாறியது எரிபொருள் மட்டுமன்று. சமைப்பவரின் உடல்நிலையே மாறிற்று. 1950-களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் திரவ வாயுவை வழங்கத் தொடங்கியது. 1965-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் கல்கத்தாவில் இண்டேன் இணைப்பைத் தொடங்கிற்று. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். எனவே தரையில் எந்தச் சுடரும் கூடாது, அடுப்பு உருளையைவிட உயரமான இடத்தில் இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அதனால் சமையலறையில் மேடை எழுந்தது. காலம் காலமாகத் தரையில் குந்தியும் சம்மணமிட்டும் சமைத்த பெண்கள் நின்றுகொண்டு சமைக்கலாயினர். அரிவாள்மணையின் இடத்தில் கத்தி வந்தது. அம்மியும் ஆட்டுரலும் ஒதுங்கியதற்கு மின்சாரம் காரணமென்பது மெய்யே. ஆயினும் மேடைச் சமையலுக்கும் அதில் பங்குண்டு என்பது நம் கருத்து.

ஆனால் இணைப்புக்கு மனுச் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். கிராமங்களில் அந்த வரிசையே இல்லை. 1980-ஐ ஒட்டி, கட்டிடக் கலைஞரான மது சரீன், ஹரியானாவிலுள்ள நாடா என்னும் சிற்றூர்ப் பெண்களோடு சேர்ந்து அடுப்பு அமைக்க முற்பட்டார். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பாத்திரத்தை அளந்து, அதற்கேற்ற துளையோடு, அவ்வூர் மண்ணாலேயே அடுப்பைக் கட்டினர். கட்டப் பழகிய பெண்கள் பிறருக்குக் கற்றுக்கொடுத்தனர். அதே காலத்தில், 1981-இல், கிர்க் ஸ்மித்தும் அவருடைய துணைவர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மூச்சுக் காற்றை அளந்தனர். பெருநகரத் தெருக்களில் காணும் மாசைப் பன்மடங்கு மிஞ்சிய புகைத்துகள் அதில் இருந்தது. மருத்துவர்களும் அரசாங்கமும் அடுப்புப் புகையை நோயாகக் கருதத் தொடங்கியது இதன் பின்னரே எனலாம்.

1980-களின் முற்பகுதியில் தொடங்கிய தேசியச் சீர்திருத்த அடுப்புத் திட்டம் 2002-இல் முடிவுறும் முன் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை அளித்தது. எண்ணிக்கையை எட்டுவதே குறிக்கோளாகிவிட்ட இடங்களில் அவற்றிற் பல சீக்கிரமே உடைந்தன, அல்லது கைவிடப்பட்டன. நாடாவின் பாடம் பெரிய திட்டத்துக்கு எட்டாமற்போயிற்று. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நூற்றுக்கு 49 குடும்பங்கள் விறகையே எரித்தன. வாயுவில் சமைத்தவை 29-க்கும் குறைவு. 2016 மே 1-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் இந்நிலையை விரைந்து மாற்றியது. ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரிலேயே அளிக்கப்பட்ட இணைப்புகள் 2019 செப்டம்பரில் 8 கோடியை எட்டின. ஆயினும் தலைமைத் தணிக்கையாளரின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை, அக்குடும்பங்கள் சராசரியாக ஆண்டுக்கு மூன்று உருளைகளுக்குச் சற்று மேலாகவே வாங்கியதாகக் காட்டிற்று. உருளை தீர்ந்ததும் அடுத்ததற்குப் பணமின்றி முற்றத்து விறகடுப்புக்குத் திரும்பியவர்களை அந்த எண்ணிக்கையில் காண்கிறோம்.

இனி, கடையில் திகைத்து நின்றவரிடம் திரும்புவோம். வாயு அடுப்பு வாங்குவோர் தம் வீட்டுக்கு வருவது உருளை வாயுவா, குழாய் வழி வரும் இயற்கை வாயுவா என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இயற்கை வாயு அதே கன அளவில் குறைந்த வெப்பமே தருவதால் அதற்குப் பெரிய துளையுள்ள ஜெட் தேவை. ஒன்றுக்கானதை மற்றொன்றில் பூட்டினால் சுடர் கெடும். பால் பொங்கிச் சுடர் அணைந்தால் வாயுவைத் தானாகவே நிறுத்தும் அமைப்பு உள்ளதா என்றும் கேட்பது நலம். மின்சார ஓவனுக்குப் பெரும்பாலும் 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் அதில் எதையேனும் சுடப்போகிறோம் என்று கணக்கிட்டுப் பார்த்தால், காலிபங்கனுக்குப் பின் ஓவன் ஏன் வீடுகளில் நிலைக்கவில்லை என்பது மீண்டும் விளங்கும். ஆர்வமுள்ளவர்களை நாம் தடுக்கவில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பிலோ சூடு பிறப்பது பாத்திரத்தின் அடியிலேயே. அடியிலுள்ள சுருள், மாறும் காந்தப் புலத்தை எழுப்பி, இரும்பு கலந்த பாத்திரத்தில் மின் சுழல்களை உண்டாக்குகிறது. அலுமினியமும் வெண்கலமும் பித்தளையும் அதில் சூடேறா. அடி உருண்ட வாணலி தட்டையான கண்ணாடியில் சரிவர அமராது. ஆகவே அதை வாங்க எண்ணுவோர், கடைக்குப் புறப்படுமுன், ஒரு சிறு காந்தத்தை எடுத்துத் தம் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கட்டும். அந்தச் சோதனையைச் சமைப்பவரே செய்யட்டும்.